திரையை விட்டுப் போகாத லோகோ

கேள்வி: எங்கள் ஓஎல்இடி டிவியில் நாள் முழுவதும் ஒரே செய்திச் சேனல்தான் ஓடும். இப்போது வேறு சேனலுக்கு மாற்றினாலும் அதன் லோகோ மூலையில் மங்கலாகத் தெரிகிறது. வண்ணங்கள் மாறி மாறி மின்னும் வீடியோவை ஓடவிட்டால் மறைந்துவிடும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: தெரிவது தற்காலிக நிழலா, நிரந்தரத் தடமா என்பதை முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். திரை முழுவதும் சாம்பல் நிறம் மட்டும் நிரம்பிய படத்தை வைத்துப் பார்த்தால் தடம் நன்றாகத் தெரியும். சில மணி நேரம் வேறு நிகழ்ச்சிகளைப் பார்த்த பிறகு அது மறைந்திருந்தால் கவலையில்லை.

மறையாவிட்டால் அது தேய்மானம். ஓஎல்இடி திரையின் ஒவ்வொரு பிக்சலும் தானே ஒளிரும் கரிமப் பொருளால் ஆனது. ஒளிர ஒளிர அதன் திறன் குறையும். லோகோ இருந்த இடத்துப் பிக்சல்கள் மற்றவற்றைவிட அதிகம் உழைத்து மங்கியிருக்கின்றனவே தவிர, அங்கே எதுவும் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை. மின்னும் வீடியோ இழந்த ஒளியைத் திருப்பித் தராது. நன்றாக இருக்கும் பிக்சல்களையும் சேர்த்துத் தேய்க்கும். அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

அதற்குப் பதிலாக, டிவியின் செட்டிங்ஸில் ‘பிக்சல் ரெஃப்ரெஷ்’ அல்லது அதுபோன்ற பெயரில் உள்ள வசதியை ஒருமுறை இயக்குங்கள். பிக்சல்களின் நிலையை அளந்து, அதற்கேற்ப மின்னோட்டத்தைச் சரிக்கட்டுவதால் லேசான தடம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குக் குறையக்கூடும். அடிக்கடி இயக்குவது நல்லதல்ல. ஆழமான தடத்துக்குப் பேனலை மாற்றுவதே வழி. வாரன்டி இதற்குப் பொருந்துமா என்று முன்கூட்டியே படித்துப் பாருங்கள், பல நிறுவனங்கள் இதை விலக்கியே வைத்திருக்கின்றன.

இனி வராமலிருக்க, பிரகாசத்தைக் குறையுங்கள். கடையில் கண்ணைப் பறிப்பதற்கென்றே இருக்கும் ‘விவிட்’ முறை வீட்டுக்குத் தேவையில்லை. லோகோவை மங்கச் செய்யும் வசதியும், படத்தைச் சற்றே நகர்த்தும் ‘பிக்சல் ஷிஃப்ட்’ வசதியும் இயங்கட்டும். ரிமோட்டில் அணைத்த கையோடு சுவர் சுவிட்சையும் அணைக்கும் பழக்கத்தைக் கட்டாயம் கைவிட வேண்டும். பல மாடல்கள், மொத்தமாகச் சுமார் 4 மணி நேரம் ஓடிய பிறகு, ஸ்டாண்ட்பையில் இருக்கும்போதுதான் தம்மைத் தாமே சரிசெய்துகொள்கின்றன. மின்சாரத்தைத் துண்டித்தால் அந்த வேலை நடக்காது.

கேள்வி: என்னுடையது எல்இடி டிவி. எனக்கும் இந்த ஆபத்து உண்டா?

பதில்: மிகக் குறைவு. எல்இடி என்று விற்கப்படுபவை பெரும்பாலும் பின்புறம் எல்இடி விளக்கு பொருத்திய எல்சிடி திரைகளே. அசையாத படத்தை நெடுநேரம் வைத்திருந்தால் இவற்றிலும் நிழல் விழலாம் என்றாலும், டிவியைச் சில மணி நேரம் அணைத்து வைத்தாலே அது பெரும்பாலும் போய்விடும்.