நெத்தலி பாசி தின்னும் மீனா?

கேள்வி: அடிக்கடல் குளிர்நீர் மேலெழும் கரையோரங்களில் நெத்தலி, சாளை மாதிரிச் சிறு மீன்கள் எதைத் தின்கின்றன? பாசியை மட்டுமா?

நான் முல்லைத்தீவு. கரைவலை இழுத்த குடும்பம். சாளை வகையான சூடை மீனை வெட்டும்போது வயிற்றுக்குள் பிதுங்கும் பச்சைக் குழம்பைக் காட்டி, "உது பாசி தின்னுற மீன் பிள்ளை, வடிவாக் கழுவோணும்" என்பார் அம்மம்மா. தென்னமெரிக்காவின் பெரு நாட்டுக் கடல் நெத்தலியை ஆராய்ந்தவர்களும் நெடுங்காலம் கிட்டத்தட்ட அதைத்தான் சொன்னார்கள்.

அங்கே காற்று கரையை ஒட்டியே வீசும். பூமி சுழல்வதால் மேல்நீர் ஆழ்கடல் பக்கம் ஒதுங்க, அந்த இடத்துக்கு அடியிலிருந்து உரமுள்ள குளிர்நீர் ஏறும். பாசி கொழிக்கும். 1970இல் அந்த ஓர் இன நெத்தலி மட்டும் 1 கோடியே 20 இலட்சம் தொன்னுக்கு மேல் பிடிபட்டது. பாசியை நேரே தின்னாமல் இவ்வளவு மீன் எப்படிப் பெருகும் என்று நினைத்தார்கள். வயிற்றைப் பிளந்து எண்ணினாலும் பெரும்பாலும் நுண்பாசிதான்.

கோளாறு அந்த எண்ணிக்கையில்தான். கறியில் கிடக்கும் கடுகை எண்ணிவிட்டு, இந்த வீட்டில் கடுகுதான் சாப்பாடு என்பது போல. 2008இல் வெளியான ஆய்வு ஒன்றில் இருபதாயிரத்துக்கு மேற்பட்ட வயிறுகளைப் பார்த்து, தலை எண்ணாமல், ஒவ்வோர் இரையிலும் எவ்வளவு காபன், அதாவது எவ்வளவு சாப்பாடு என்று கணக்கிட்டார்கள். மூன்றில் இரண்டு பங்கு கிறில், அதாவது கூனி போன்ற சிற்றுயிர். கால்வாசி கோப்பிபொட் என்ற, அதைவிடப் பொடியான மிதக்கும் உயிர். பாசி சொற்பம்.

தென்னாபிரிக்காவின் பெங்குவேலாக் கடலில் இன்னொரு வேடிக்கை. இரை முக்கால் மில்லிமீற்றர் அளவுக்குக் குறைந்தால் நெத்தலி வாயைத் திறந்தபடி நீந்தி வடிகட்டும். பெரிதாக இருந்தால் ஒவ்வொன்றாகப் பார்த்துக் கொத்தும். அதற்குக் கொத்தல்தான் இலாபம். சாளைக்குச் செவுளின் சீப்பு நெருக்கம், அதனால் பொடி இரையை வடித்தே வயிறு நிரப்பும். ஒரே பந்தி, வேறு இலை. அப்புறம், நெத்தலி தன் இனத்து முட்டையையும் விட்டுவைக்காது.

எங்கள் முல்லைத்தீவுக் கடல் பெரு மாதிரி இல்லை, அந்தக் கணக்கை அப்படியே இங்கே போட முடியாது. ஆனால் அடுத்தமுறை நெத்தலியும் சூடையும் வாங்கினால் இரண்டின் செவுளையும் தூக்கி ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதையெல்லாம் அம்மம்மாவிடம் சொன்னேன். "அப்ப நான் கண்ட பச்சை?" என்றார். சரி, அவரும் முழுப் பிழை இல்லை. சூடையின் சொந்தமான கேரளத்து மத்தி, அங்கே சோளகக் காலத்தில், அதாவது தென்மேற்குக் காற்றுக் காலத்தில், குளிர்நீர் ஏறும்போது டயற்றம் என்ற நுண்பாசியை வயிறாரத் தின்னும்.