என்.ஐ.பி.டி. நார்மல், பிறகு ஊசி எதற்கு?

உங்கள் நீண்ட கடிதத்தில் நான் நின்று படித்தது கடைசிப் பத்திக்கு முந்தைய ஒரே வரியைத்தான். ‘13-வது வார ஸ்கேனில் கருவின் கழுத்து நீர் அளவு (என்.டி.) 3.8 மி.மீ. என்றார்கள். ஆனால் கருவின் குரோமோசோம் கோளாறைத் தேடும் என்.ஐ.பி.டி. ரத்தப் பரிசோதனை லோ ரிஸ்க் என்று வந்துவிட்டது. போன வாரம் வேறொரு இடத்தில் எடுத்த ஸ்கேனில் அந்த நீரும் வடிந்துவிட்டது.’ இதை நம்பித்தான் ஆம்னியோசென்டெசிஸ் (வயிற்றில் ஊசி போட்டுப் பனிக்குட நீரை எடுத்துப் பார்க்கும் பரிசோதனை) வேண்டாம், 20-வது வார ஸ்கேன்வரை பார்த்துக்கொள்ளலாம் என்று வீட்டில் பேசி முடித்திருக்கிறீர்கள்.

அதுவரை காத்திருக்காதீர்கள். உங்களைப் பார்க்கும் மருத்துவர் பனிக்குட நீர்ப் பரிசோதனை செய்யச் சொன்னது சரிதான். இந்த வாரமே போய் அவரிடம் தேதி வாங்குங்கள்.

கருவின் பின்கழுத்துத் தோலுக்கு அடியில் தேங்கும் நீரின் தடிமன்தான் என்.டி. எல்லாக் கருவுக்கும் கொஞ்சம் இருக்கும். கரு 45 முதல் 84 மி.மீ. நீளம் இருக்கும்போது, அதாவது 11 முதல் 14 வாரத்துக்குள், எடுத்த அளவுக்குத்தான் மதிப்பு. அந்தக் கட்டத்தில் 3.5 மி.மீ.யைத் தாண்டுவது ஏறக்குறைய நூற்றில் ஒரு கரு. அதற்குப் பிறகு அந்த நீர் பெரும்பாலும் தானாகவே வடிந்துவிடும், பிரச்சினை உள்ள கருவுக்கும் வடியும். ஆகவே இரண்டாவது ஸ்கேன் ரிப்போர்ட்டைக் காட்டி யாராவது ‘சரியாகிவிட்டது’ என்றால், கேட்டுக்கொள்ளுங்கள், நம்பாதீர்கள். கணக்கில் நிற்பது 3.8தான்.

இனி என்.ஐ.பி.டி. தாயின் ரத்தத்தில் கருவின் டி.என்.ஏ. மிதக்கிறது என்று ஆராய்ச்சியாளர் டென்னிஸ் லோவின் குழு 1997-ல் காட்டியதிலிருந்து வளர்ந்த பரிசோதனை இது. அருமையான பரிசோதனை, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. ஆனால் ‘99 சதவீதம் கண்டுபிடித்துவிடும்’ என்கிறார்களே, அது எதற்கு என்று யாரும் உங்களுக்குச் சொல்லவில்லை. 21-வது குரோமோசோம் ஒன்று கூடுதலாக இருக்கும் டவுன் சிண்ட்ரோமைக் கண்டுபிடிப்பதற்கு. வழக்கமான என்.ஐ.பி.டி. பார்ப்பது 21, 18, 13 ஆகிய குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் பால் குரோமோசோம்களையும்தான். மூன்று பாடத்தில் நல்ல மார்க் வாங்கிய பிள்ளை எழுதாத பாடத்திலும் தேறிவிட்டது என்று சொல்ல முடியுமா? அதோடு, அந்த டி.என்.ஏ. கருவின் உடலிலிருந்து வருவதில்லை, நஞ்சுக்கொடியின் செல்களிலிருந்து வருகிறது. பெரும்பாலும் இரண்டும் ஒன்றுதான். சில நேரம் இல்லை. அதனால்தான் இதைச் சலித்தெடுக்கும் (ஸ்கிரீனிங்) பரிசோதனை என்கிறோம், நோயறியும் பரிசோதனை என்பதில்லை.

கழுத்தில் நீர் கூடுவதற்கு டவுன் சிண்ட்ரோம் ஒரு காரணம் மட்டுமே. இதயக் குறைபாடு இருக்கலாம். குரோமோசோமில் ஒரு சின்னத் துண்டு விடுபட்டோ கூடுதலாகவோ இருக்கலாம். நூனன் சிண்ட்ரோம் போல ஒற்றை மரபணுக் கோளாறாக இருக்கலாம். இவற்றில் பெரும்பாலானவை உங்கள் ரத்தப் பரிசோதனையின் கண்ணுக்கே தெரியாது. இதயக் குறைபாடு எந்த ரத்தப் பரிசோதனையிலும் தெரியாது.

பயந்துவிடாதீர்கள். என்.டி. 3.5 முதல் 4.4 வரை இருந்த கருக்களில் பத்துக்கு ஏழு நல்லபடியாகப் பிறந்ததாக 2005-ல் வெளிவந்த ஒரு பெரிய தொகுப்பு சொல்கிறது. மீதியில் பெரும்பகுதி குரோமோசோம் எண்ணிக்கைக் கோளாறுகள். அவற்றில் முக்கியமானவை உங்களுக்கு இல்லை என்று என்.ஐ.பி.டி. ஏறக்குறைய சொல்லிவிட்டது. அப்படியென்றால் உங்கள் நிலைமை பத்துக்கு ஏழைவிட நன்றாகவே இருக்கிறது. ஆனாலும் அந்தச் சிறு மிச்சம் அலட்சியப்படுத்தக் கூடிய அளவில் இல்லை.

உங்கள் கடிதம் முழுக்க ஓடும் பயம் வேறு. ‘ஊசி போட்டு, நல்லாயிருந்த குழந்தையை நானே கலைத்துக்கொண்டேன் என்று ஆகிவிடுமோ?’ இணையத்தில் நூற்றுக்கு ஒன்று என்று படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்த எண் எங்கிருந்து வந்தது தெரியுமா? டென்மார்க்கில் ஆபத்துக் குறைவான 4,606 பெண்களிடம் நடந்து 1986-ல் வெளிவந்த ஆய்விலிருந்து. ஊசி போட்டுக்கொண்டவர்களில் 1.7 சதவீதம் பேருக்குக் கரு கலைந்தது, போடாதவர்களில் 0.7 சதவீதம். நடுவே இருக்கும் அந்த ஒரு சதவீதம்தான் இன்றுவரை ஊர் சுற்றுகிறது. நேர்மையான ஆய்வு, ஆனால் அன்றைய ஸ்கேன் மெஷினும் அன்றைய கைப்பழக்கமும். 2015-லும் 2019-லும் வந்த தொகுப்பாய்வுகள் ஊசியால் கூடும் ஆபத்தை 0.1 முதல் 0.3 சதவீதத்துக்குள் வைக்கின்றன. அதாவது ஆயிரத்தில் ஒன்று முதல் மூன்று. உங்களுக்கு வந்தது போன்ற ரிப்போர்ட் வந்தவர்களையே ஊசி போட்டவர், போடாதவர் என்று பிரித்து ஒப்பிட்டபோது அந்த வித்தியாசமும் கிட்டத்தட்ட மறைந்துவிட்டது. காரணம் எளிது: இந்தப் பரிசோதனைக்கு அனுப்பப்படும் கருக்களில் சில, ஊசி போடாவிட்டாலும் கலைந்திருக்கும்.

ஊசியைக் கற்பனை செய்தே தூக்கம் போகிறது என்கிறீர்கள், அதனால் நடப்பதைச் சொல்கிறேன். 15 வாரம் முழுதாக முடிந்தபின் செய்வார்கள். ஸ்கேன் திரையில் குழந்தையையும் ஊசி முனையையும் பார்த்துக்கொண்டே, வயிற்றின் வழியாக மெல்லிய ஊசி போகும். குழந்தை கையை நீட்டினால் டாக்டர் பொறுத்திருப்பார். முதலில் வரும் ஒன்றிரண்டு மி.லி. நீரில் உங்கள் செல்கள் கலந்திருக்கலாம் என்று ஒதுக்கிவிட்டு, 15 முதல் 20 மி.லி. எடுப்பார்கள். ஓரிரு நிமிட வேலை. பெரும்பாலானவர்கள் ‘இவ்வளவுதானா?’ என்றுதான் எழுந்து உட்காருவார்கள்.

அந்த நீரில், குரோமோசோமின் சின்னத் துண்டு விடுபட்டதையும் கூடியதையும் காட்டும் மைக்ரோஅரே பரிசோதனை செய்யச் சொல்லி நீங்களே கேளுங்கள், பழைய குரோமோசோம் படம் மட்டும் போதாது. முக்கியக் குரோமோசோம்களின் ரிசல்ட் சில நாளில் வரும், மைக்ரோஅரேக்கு இரண்டு வாரம்போல ஆகும். இதற்கிடையே 16 வார அளவில் குழந்தையின் இதயத்தை மட்டும் பார்க்கும் ஸ்கேன் ஒன்று, 20 முதல் 22 வாரத்துக்குள் மறுபடி ஒன்று. ஸ்கேனில் ஏதாவது சந்தேகம் வந்தால், மீதியிருக்கும் டி.என்.ஏ.வில் நூனன் மரபணுக்களையும் பார்க்கலாம். பெரும்பாலும் இன்னொரு ஊசி தேவைப்படாது. எல்லாம் நார்மல் என்று வந்தால், 3.8 என்ற எண்ணை மறந்துவிட்டு மற்றவர்களைப் போலவே இருக்கலாம். 20 வாரம்வரை தள்ளிப்போட்டால் இவ்வளவும் தள்ளிப்போகும். பிறகு யோசிக்க உங்களுக்கு நேரமே இருக்காது.

‘ரிசல்ட் தப்பாக வந்தால் கலைக்கச் சொல்வார்களா’ என்று உங்கள் மாமியார் கேட்கிறார். யாரும் கட்டாயப்படுத்த முடியாது. தெரிந்துகொள்வதும் கலைப்பதும் ஒன்றல்ல. இதயத்தின் பெரிய ரத்தக் குழாய்கள் இரண்டும் இடம் மாறியிருக்கும் குழந்தையை எடுத்துக்கொள்ளுங்கள். பிறந்த சில மணி நேரத்திலேயே மருந்து ஏற்றியாக வேண்டும். முன்பே தெரிந்தால் குழந்தை இதய சிகிச்சை உள்ள இடத்திலேயே பிரசவம் வைக்கலாம். தெரியாவிட்டால் நீலம் பாரித்த பிறகு ஆம்புலன்ஸ் தேட வேண்டும்.

மற்ற கேள்விகள்: கர்ப்பம் தெரியாமல் எடுத்த பல் எக்ஸ்ரே, தலைவலிக்குப் போட்ட இரண்டு பாராசிட்டமால், ஒருமுறை அடித்த ஹேர் டை - எதுவும் இதற்குக் காரணமல்ல. இரவு மல்லாந்து படுத்ததும் அல்ல. இதோடு அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள்.

மாத்திரை விஷயத்தை மட்டும் விட மாட்டேன். கழுத்து நீர் வற்றட்டும் என்று ஃபோலிக் ஆசிட் 5 மி.கி. நீங்களாகவே வாங்கிப் போடுகிறீர்கள். கருவின் முதுகுத்தண்டுக் குழாய் கரு உருவான நாலு வாரத்திலேயே மூடிவிடுகிறது, ஃபோலிக் ஆசிட்டின் பெரிய வேலை அதற்கு முன்போடு சரி. கழுத்து நீருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. நாத்தனார் மிச்சம் வைத்த புரோஜெஸ்டிரோன் மாத்திரையையும் ‘கரு நிற்க’ என்று போடுகிறீர்கள். அது அவருக்கு எழுதியது. இரண்டு அட்டையையும் எடுத்துக்கொண்டு போய் உங்கள் டாக்டர் மேஜைமேல் வையுங்கள், எதைத் தொடர்வது என்று அவர் சொல்லட்டும்.

ஊசிக்குப் பிறகு படுத்த படுக்கையாகக் கிடக்க வேண்டியதில்லை. அன்று லேசாக வயிறு இழுத்துப் பிடிக்கும், அது சகஜம். தண்ணீர் கசிந்தாலோ ரத்தம் பட்டாலோ காய்ச்சல் வந்தாலோ வலி விடாமல் கூடிக்கொண்டே போனாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள், மறுநாள்வரை பார்க்க வேண்டாம். உங்கள் ரத்த வகையை எங்கேயும் எழுதவில்லை. நெகட்டிவ் என்றால் ஊசி போடும் முன்பே சொல்லிவிடுங்கள். குழந்தையின் ரத்தத்துக்கு எதிராக உங்கள் உடல் எதிர்ப்பொருள் உருவாக்காமல் தடுக்க, 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி என்ற ஊசி போட வேண்டியிருக்கும்.