இசைப் பயிற்சியும் போன் கமராவும்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: மகள் வயலின் படிக்கிறாள். ஹட்டனில் சனிக்கிழமை மட்டும்தான் வகுப்பு. ஒவ்வொரு வகுப்பையும் முழுதாக வீடியோ எடுத்து வைத்திருக்கிறோம். போன் நிறைந்துவிட்டது, அவள் ஒன்றையும் திரும்பப் பார்ப்பதில்லை. நிறுத்திவிடலாமா?
– ஒரு தாய், டிக்கோயா

பதில்: முழு வகுப்பை எடுப்பதை நிறுத்துங்கள். ஒரு மணி நேரத்துக்குள் வேண்டிய இடத்தைத் தேடியே பிள்ளைக்கு அலுத்துவிடும். டீச்சரிடம் அனுமதி கேட்டு, புதுப் பாடத்தை அவர் வாசித்துக் காட்டும் 2, 3 நிமிடத்தை மட்டும் எடுங்கள். கமகம் (சுரத்தை அசைத்து, இழைத்து வாசிப்பது) பிடிபடாவிட்டால் விஎல்சி போன்ற செயலியில் அரை வேகத்தில் போடலாம். சுருதி இறங்காது, விரல் எங்கே தொடங்கி எங்கே போய் நிற்கிறது என்பது தெளிவாகத் தெரியும்.

அதைவிட முக்கியம், மகளின் வாசிப்பை வீட்டில் எடுப்பது. வாரத்தில் 2 நாள், ஒவ்வொன்றும் 2 நிமிடம் போதும். போனைக் கையில் பிடிக்காமல், அவளுக்கு முன்னால் 4 அடி தள்ளி, வயலினைவிடச் சற்று உயரத்தில் நிறுத்துங்கள். குதிரையும் (தந்திகளைத் தாங்கும் சிறு மரத்துண்டு) விரற்பலகையின் முனையும் படத்தில் தெரிய வேண்டும். வில் இந்த இரண்டுக்கும் இடையில் நேராக ஓடுகிறதா, விரற்பலகைப் பக்கம் வழுக்குகிறதா என்பது அப்போதுதான் தெரியும். வழுக்கினால் நாதம் மெலிந்துபோகும். செல்ஃபி கமராவில் எடுக்காதீர்கள். சில போன்களில் இடம் வலம் மாறி, வில் இடக்கையில் இருப்பதுபோல் பதிவாகும். ஜன்னல் அவளுக்கு முன்னால் இருக்கட்டும். பின்னால் இருந்தால் கை கறுத்துப்போகும்.

எடுத்ததும் போட்டுக் காட்டிவிடாதீர்கள். எந்த இடத்தில் பிசகியது என்று முதலில் அவளே சொல்லட்டும். காது வளர்வது அந்த நேரத்தில்தான். பிறகு சத்தமில்லாமல் ஒரு தடவை வில்லைப் பார்க்கட்டும். போனைக் கவிழ்த்து வைத்து ஒரு தடவை சுருதியைக் கேட்கட்டும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கண் காதை ஏமாற்றிவிடும்.

காலப்பிரமாணத்தை, அதாவது வேகம் மாறாமல் நிற்கிறதா என்பதை, சரிபார்க்க வீடியோவில் ஓடும் நேரமே போதும். ஆதி தாளத்தில் ஒரு அட்சரத்துக்கு (ஒரு எண்ணிக்கை) 1 விநாடி வைத்தால், முதலாவது சரளி வரிசை முதற்காலத்தில் 2 ஆவர்த்தனம் (8 அட்சரம் கொண்ட தாளச் சுற்று), அதாவது 16 விநாடி. இரு மடங்கு வேகமான இரண்டாம் காலத்தில் 2 தடவையும் நான்கு மடங்கு வேகமான மூன்றாம் காலத்தில் 4 தடவையும் வாசித்தால் அதே 16 விநாடிதான் வரவேண்டும். மூன்றாம் காலம் 14இல் முடிந்தால் அவள் ஓடுகிறாள். அநேகமாகப் பிள்ளைகள் ஓடுவது அங்கேதான்.

கேள்வி: வாய்ப்பாட்டு படிக்கிறேன். போனில் எடுத்தால் தம்புரா காணாமல் போகிறது. மெதுவாகப் பாடும் இடத்தில் கூரைச் சத்தம் பெரிதாகக் கேட்கிறது. போன் பழுதா?
– வாசகர், பண்டாரவளை

பதில்: பழுதில்லை. போன் மனிதப் பேச்சுக்காக அமைக்கப்பட்டது. மாறாமல் ஒலிக்கும் தம்புராவை அது மின்விசிறிச் சத்தம்போல் எண்ணிக் குறைத்துவிடுகிறது. நீங்கள் குரலைத் தாழ்த்தினால், ஒலி போதவில்லை என்று தானாகவே ஏற்றுகிறது. அதோடு தகரத்தில் விழும் மழையும் ஏறிவிடும். கமரா அமைப்பில் இரைச்சல் குறைப்பு இருந்தால் அணைத்துவிடுங்கள். சுருதிப் பெட்டியையோ இரண்டாவது போனையோ உங்களுக்குப் பக்கத்தில், பதிவு செய்யும் போனிலிருந்து 3 அடி தள்ளி வையுங்கள். ஒரே போனில் தம்புரா செயலியை ஓடவிட்டு வீடியோ எடுப்பது பெரும்பாலும் சரிவராது. ஒக்டோபர், நவம்பரில் பிற்பகல் மழை வழக்கம் என்பதால் காலையில் எடுப்பது நல்லது. கேட்கும்போது வயர் உள்ள ஹெட்போனைப் பாவியுங்கள். புளூடூத்தில் ஒலி சற்றுப் பிந்தி வந்தால், சரியாகப் போட்ட தாளமும் தப்பாகத் தெரியும்.

கேள்வி: வீடியோ அழைப்பில் மிருதங்க வகுப்பு. ஆசிரியரோடு சேர்ந்து வாசிக்க முடியவில்லை.
– மாணவர், பதுளை

பதில்: சேர்ந்து வாசிக்க முடியாதுதான். ஒலி போய்த் திரும்பும் தாமதம் தாளத்தைக் குலைத்துவிடும். ஆசிரியர் பாடத்தைப் பதிவு செய்து அனுப்பட்டும். நீங்கள் அதனோடு வாசித்துப் பழகி, உங்கள் வாசிப்பை எடுத்து அனுப்புங்கள். அழைப்பை விளக்கத்துக்கும் திருத்தத்துக்கும் வைத்துக்கொள்ளுங்கள். அனுப்பும்போது 720p தரத்தில் எடுத்தால் டேட்டா மிஞ்சும். வாட்ஸ்அப்பில் ‘டொக்கியுமன்ட்’ ஆக அனுப்புங்கள். சாதாரண வீடியோவாக அனுப்பினால் அது சுருக்கப்பட்டு, தொப்பியின் (மிருதங்கத்தின் இடப்பக்கம்) நாதமும் வலப்பக்கத்தில் விரலால் எழுப்பும் மீட்டுச் சொல்லும் மங்கிவிடும்.