தேங்காய்ப் பாயிண்டும் கார்ல் பாப்பரும்

கேள்வி: எங்கள் பக்கம் தேங்காய் வைத்து போர்வெல்லுக்குப் பாயிண்ட் (தண்ணீர் இருக்கும் இடம்) பார்க்கிறவர் 10 போரில் 8-ல் தண்ணீர் காட்டியிருக்கிறார். ‘பொய்ப்பிக்க முடியாதது, அதாவது தவறென்று காட்ட வழியே இல்லாதது, அதனால் அறிவியல் இல்லை என்று தத்துவவாதி கார்ல் பாப்பர் தள்ளிவிடுவார்’ என்கிறார் என் மகனின் வாத்தியார். நாற்காலியில் உட்கார்ந்து எழுதிய பேராசிரியருக்கு கொழிஞ்சாம்பாறை பாறையைப் பற்றி என்ன தெரியும்? (வேலந்தாவளம் வாசகர்)

பதில்: நீங்கள் சொல்வதும் தப்பு, வாத்தியார் சொல்வதும் தப்பு.

முதலில் நாற்காலி. 1902-ல் வியன்னாவில் பிறந்த பாப்பர், இருபது வயதில் மரவேலை ஆசாரி ஒருவரிடம் தொழில் பழகியவர். 1928-ல் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டுப் போனது பள்ளிக்கூட வேலைக்கு. அறிவியல் தத்துவத்தில் அவர் பெயரை நிறுத்திய ஜெர்மன் நூல் 1934-ல் வந்தபோதும் பள்ளி ஆசிரியர்தான். அது ஆங்கிலத்துக்கு வர 1959 ஆனது. கல்லூரி வேலை கிடைத்தது 1937-ல், அதுவும் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச்சில். யூத வம்சாவளிக்காரர், ஹிட்லரின் நிழல் ஆஸ்திரியா மேல் விழுவதைப் பார்த்துக் கிளம்பியவர். லண்டன் வந்தது 1946-ல். ‘சர்’ பட்டமெல்லாம் 1965-ல்.

எது அறிவியல், எது இல்லை என்ற அவருடைய கேள்வி பிறந்தது 1919-ல். அந்த மே 29-ம் தேதி சூரிய கிரகணத்தில், சூரியனை ஒட்டி வரும் நட்சத்திர ஒளி எவ்வளவு வளைகிறது என்று ஆங்கிலேய வானியலாளர்கள் அளந்தார்கள். 1.75 ஆர்க் செகண்ட் (ஒரு டிகிரியில் 3,600-ல் ஒரு பங்கு ஒரு ஆர்க் செகண்ட்) என்று ஐன்ஸ்டைன் முன்பே எழுதிவைத்திருந்தார்; நியூட்டன் வழியில் போனால் அதில் பாதிதான் வரும். எண் தவறியிருந்தால் ஐன்ஸ்டைன் கொள்கை அங்கேயே படுத்திருக்கும். அதே ஆண்டு, மனநல மருத்துவர் ஆல்ஃபிரட் ஆட்லரிடம் பாப்பர் ஒரு குழந்தையைப் பற்றிச் சொன்னார். குழந்தையைப் பார்க்காமலே ஆட்லர் தன் கொள்கையை வைத்து விளக்கிவிட்டார். எப்படி இவ்வளவு உறுதி என்றதற்கு, ஆயிரம் பேரைப் பார்த்த அனுபவம் என்றார். இப்போது ஆயிரத்தொன்றாகிவிட்டது, அப்படித்தானே என்றார் பாப்பர். உங்கள் பாயிண்ட்காரரும் அனுபவக் கணக்குதான் சொல்கிறார்.

ஆனால் வாத்தியார் ஒன்றைக் கவனிக்கவில்லை. ‘இந்த இடத்தில் 350 அடிக்குள் தண்ணீர்’ என்பது பொய்ப்பிக்கக்கூடிய பேச்சு. பாப்பர் அதைத் தள்ளமாட்டார், சோதிக்கச் சொல்வார். வறண்ட பிறகு ‘ஊற்று பக்கத்தில் நகர்ந்துவிட்டது’, ‘இன்னும் நூறடி போயிருக்கணும்’ என்று தப்பிக்க வழி வைக்கும்போதுதான் அது அவருடைய எல்லைக்கு வெளியே போகிறது.

8-க்கு வருவோம். அந்தப் பக்கத்தின் கடினப் பாறையில் தண்ணீர் வெடிப்புகளில் நிற்கிறது. தேங்காய் இல்லாமல் துளைத்தாலும் பல இடங்களில் கொஞ்சமாவது கசியும். அதே ஊரில், ஏறக்குறைய அதே ஆழத்தில், பாயிண்ட் பார்க்காமல் போட்ட 10 போரில் எத்தனை ஓடுகிறது? அந்த எண் இல்லாமல் 8 எதையும் காட்டாது. கல் வைத்து மூடிய வறண்ட குழிகளையும் எண்ணுங்கள். அவை யார் நினைவிலும் நிற்பதில்லை.

போர் வண்டிக்குச் சொல்வதற்கு முன் செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. அவர் காட்டும் இடங்களில் முளைக்குச்சி அடியுங்கள். வரப்பிலிருந்து தூரம் அளந்து குறித்துக்கொண்டு குச்சிகளைப் பிடுங்கி, தடம் தெரியாமல் மண்ணைக் கிளறிவிடுங்கள். நான்காக மடித்த துண்டால் கண்ணைக் கட்டி, வேறு மூலையிலிருந்து நடக்கச் சொல்லுங்கள். கைபிடித்து நடத்துகிறவருக்கு இடங்கள் தெரிந்திருக்கக் கூடாது. தெரிந்தால் அவர் கையே தன்னையறியாமல் இழுக்கும், சோதனை கெடும். கண் திறந்திருந்தால் கரையானும் புற்றும் பச்சை மரமும் இடத்தைச் சொல்லிவிடும். எத்தனை அடி விலகினால் தோல்வி என்பதைத் தொடங்கும் முன்பே பேசி முடிவு செய்யுங்கள். கண்ணைக் கட்டினால் சக்தி வேலை செய்யாது என்பாரானால், அதையும் முன்பே சொல்லவேண்டும்.

இதில் தேறினால் துளையுங்கள், ஆனால் மூன்று விஷயங்கள் தேதியோடு தாளில் இருக்கட்டும்: எத்தனை அடிக்குள் முதல் தண்ணீர், மணிக்கு எத்தனை லிட்டர், எது வந்தால் தோல்வி. ‘ரெண்டு இஞ்ச் தண்ணி’ என்ற வாய்க்கணக்கு வேண்டாம். தண்ணீர் அளக்க வைக்கும் V வடிவ வெட்டுள்ள வி-நாட்ச் தகட்டில் நீர்மட்டம் ஒரு இஞ்ச் இரண்டானால் தண்ணீர் இரட்டிப்பாவதில்லை, ஐந்து மடங்குக்கும் மேலாகிறது. அரை இஞ்ச் பார்வைப் பிசகே கணக்கைக் கவிழ்த்துவிடும். கம்ப்ரஸர் பீய்ச்சும்போது வருவதும் கணக்கில்லை, வெடிப்பில் தேங்கியிருந்தது முதலில் வந்துவிடும். மோட்டார் இறக்கி நான்கு மணி நேரம் ஓடவிட்டு, அதன் பிறகு 200 லிட்டர் டிரம் எத்தனை நிமிடத்தில் நிரம்புகிறது என்று பாருங்கள். 4 நிமிடமென்றால் மணிக்கு 3,000 லிட்டர். தாளில் எழுதிய எண்ணோடு ஒப்பிட வேண்டியது இதைத்தான்.