இரண்டு ‘வெஸ்ட்’டும் ஒரே மாதிரிக் கேட்கிறதா? உதட்டைப் பாருங்கள்

இங்கிலீஷில் மேற்குத் திசைக்கான வெஸ்ட்டுக்குப் (west, டபிள்யூ) பல் உதட்டில் படவே கூடாது. சட்டைக்கு உள்ளே போடும் வெஸ்ட்டுக்கு (vest, வீ) மேல்பல் கீழுதட்டில் பட்டே ஆக வேண்டும். கோல் சென்ரர் நேர்முகத்தில் இப்படியான சொற்களைத் திருப்பித் திருப்பிச் சொல்ல வைத்தார்களா? அநேகமாக இதற்காகத்தான்.

காரணம் நம்முடைய ‘வ’. பல் உதட்டுக்குக் கிட்டப் போகும், ஆனால் உராயாது. சிங்கள ‘வ’வும் அப்படித்தான். அதனால் கொழும்பு வெள்ளவத்தையில் யாரோடு இங்கிலீஷ் கதைத்துப் பழகினாலும் வித்தியாசம் காதில் விழாது.

ஃபோனின் செல்ஃபி கமராவை வாய்க்கு நேரே பிடித்துக்கொண்டு:

1. டபிள்யூ: விசிலடிக்கிற மாதிரி உதட்டைக் குவித்து ‘ஊ’ சொல்லி, அப்படியே ‘எஸ்ட்’டுக்குப் போங்கள். பல் உதட்டைத் தொட்டால் திரும்பவும் தொடங்குங்கள்.

2. வீ: பல்லை உதட்டில் மெல்ல வைத்து (கடிக்க வேண்டாம்) சத்தத்தை நீட்டுங்கள். உதடு கூச வேண்டும், தொண்டையில் வைத்த விரல் அதிர வேண்டும். அதிரவில்லையென்றால் நீங்கள் சொல்வது எஃப்.

பிறகு ‘ட்வெல்வ்’. நடுவில் குவிப்பு, கடைசியில் பல். பன்னிரண்டை விட நல்ல பயிற்சிச் சொல் எனக்குத் தெரியாது.

எழுத்தை நம்ப வேண்டாம். எண் ஒன்றுக்கான ‘வன்’ ஓ-வில் தொடங்கும், சத்தமோ டபிள்யூ. ‘யார்’ என்று கேட்கிற ‘ஹூ’வில் (who) டபிள்யூ எழுத்து இருக்கும், சத்தம் இராது.

இன்னொன்று: பல் வைக்கப் பழகியதும் கொஞ்ச நாளைக்கு வை-ஃபை உட்பட எல்லாமே வீயாகிவிடும். அப்போது வீயை விட்டுவிட்டு டபிள்யூவை மட்டும் பழகுங்கள்.