கதவாக நின்ற நடிகர்

கேள்வி: பரிசோதனை நாடகம் என்று சொன்னார்களே என்று போன மாதம் ஒன்றைப் பார்க்கப் போனேன். மேடையில் ஒரே ஒரு நாற்காலி, வேறு எதுவும் இல்லை. ஒன்றும் புரியவில்லை. இதையெல்லாம் யார் தொடங்கி வைத்தது?
- ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: இவர்தான் என்று ஒருவரைக் கைகாட்டுவது கஷ்டம். ஆனாலும் என்னைக் கேட்டால், பிரான்ஸில் ரென் என்ற ஊரின் பள்ளிக்கூடத்திலிருந்து கதையை ஆரம்பிப்பேன். அங்கே எபேர் என்று ஒரு இயற்பியல் ஆசிரியர். வகுப்பை அடக்கத் தெரியாதவர், பாவம். பையன்கள் அவரைக் கேலி செய்து கதை கதையாகக் கட்டினார்கள், அதில் ஒன்றில் அவர் போலந்துக்கே ராஜாவாகிவிடுகிறார். 1888இல் அங்கே சேர்ந்த ஆல்ஃபிரெட் ழாரி அந்தக் கதையைப் பிடித்துக்கொண்டார், நண்பர்களோடு பொம்மலாட்டமாகப் போட்டார், வளர்ந்த பிறகும் விடவில்லை. 1896 டிசம்பரில், 23 வயதில், ‘உபு ராஜா’ என்ற பெயரில் அதைப் பாரீஸ் மேடைக்கே கொண்டுவந்துவிட்டார்.

நாடகத்தின் முதல் சொல்லே ஒரு கெட்ட வார்த்தை. அதனால்தான் அரங்கில் பார்வையாளர்கள் கலாட்டா செய்தார்கள் என்று பொதுவாகச் சொல்வார்கள். உபுவாக நடித்த ழெமியே பின்னாளில் சொன்னது வேறு. நாடகத்தில் ஒரு சிறைக் காட்சி, அந்தச் சிறைக்குக் கதவு கிடையாது. ஒரு நடிகர் கையை நீட்டிக்கொண்டு கதவாக நிற்கிறார். ழெமியே அந்தக் கைக்குள் சாவியைப் போட்டு, ‘கிரிக் கிராக்’ என்று வாயாலேயே சத்தம் கொடுத்து, கையைத் திருப்பிக் கதவைத் திறக்கிறார். அந்த நேரத்தில்தான் கூட்டம் கத்த ஆரம்பித்ததாம்!

எனக்கு இந்த இடம்தான் முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் அதே பாரீஸில், 1888இல், அந்த்வான் என்ற இயக்குநர் கசாப்புக்கடைக் காட்சிக்காக நிஜ இறைச்சியையே மேடையில் தொங்கவிட்டிருந்தார். எல்லாம் அசலாக இருக்க வேண்டும் என்று ஒரு பக்கம் நாடகம் போய்க்கொண்டிருந்தபோது, ழாரி ஒரே ஆளை நிறுத்தி இதுதான் படை என்றார், கழுத்தில் அட்டைக் குதிரைத்தலையை மாட்டிவிட்டு இதுதான் சவாரி என்றார். மீதியைப் பார்ப்பவர்தான் கட்டிக்கொள்ள வேண்டும். அந்த வேலை பலருக்குக் கோபத்தைத் தந்தது.

ழாரி 34 வயதில் இறந்துபோனார். அப்புறம் 1926இல் ஆர்த்தோ என்ற பிரெஞ்சு நாடகக்காரரும் நண்பர்களும் தங்கள் நாடகக் குழுவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1953இல் அயர்லாந்து எழுத்தாளர் பெக்கெட்டின் ‘கோதோவுக்காகக் காத்திருத்தல்’ நாடகம் மேடையேறியபோது, அதற்கு ஒரு மரமும் ஒரு சாலையும் போதுமாக இருந்தது.

சரி, நீங்கள் பார்த்த நாற்காலிக்கு வருவோம். நடிகர்கள் அதில் உட்கார்ந்தார்களா, சுற்றி வந்தார்களா, தூக்கிச் சுமந்தார்களா? ஞாபகம் இருந்தால் எழுதுங்கள், அது என்னவாக இருந்தது என்று சேர்ந்தே யோசிக்கலாம்.