பிரிட்டனில் குதிரை லாயப் பணியாளரைச் 'சுயதொழில் செய்பவர்' என்று வைத்துக்கொள்ளலாமா?

பெரும்பாலும் முடியாது. எத்தனை மணிக்கு வர வேண்டும், எந்தக் குதிரையைத் தேய்க்க வேண்டும் என்று நீங்களே சொல்கிறீர்கள் என்றால், தாளில் என்ன எழுதியிருந்தாலும் சரி, சட்டம் அவரை ஊழியராகத்தான் பார்க்கும்.

அதிகம் தகராறு வருவது சம்பளத்தில்தான். "உன் குதிரையை இங்கே இலவசமாகக் கட்டிக்கொள்" என்று சொல்லிக் கூலியைக் குறைப்பார்கள். தாராளம் மாதிரி தெரியும். ஆனால் குறைந்தபட்ச ஊதியக் கணக்கில் லாய இடம், தீவனம், சாப்பாடு எதுவும் சேராது. தங்குமிடம் மட்டும் ஒரு வரம்பு வரை சேரும். சினைக் குதிரைக்காக ராத்திரி விழித்துக் காவல் இருப்பதும் வேலை நேரம்தான்.

அப்புறம், வாரம் 5 நாள் வேலைக்கு ஆண்டுக்கு 28 நாள் சம்பளத்துடன் விடுப்பு. உதைக்கும் மிருகத்தோடு வேலை என்பதால் பணியாளருக்குக் காயம் பட்டால் இழப்பீடு தர உதவும் முதலாளி பொறுப்புக் காப்பீட்டை மறக்காதீர்கள்: குறைந்தது 50 லட்சம் பவுண்டுக்கு எடுப்பது கட்டாயம்.